கோடு செம்பாகும் வழி

பிசி547 ஒரு மூன்று கால் டிரான்சிஸ்டர். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும். விலை ஒரு டீயைவிடக் குறைவு. அதன் தட்டை முகத்தை நம் பக்கம் திருப்பி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 என்று இன்னொன்று உண்டு. அதே கறுப்பு உடல், அதே மூன்று கால், வேலையும் ஏறக்குறைய அதேதான். கால் வரிசை மட்டும் தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர்.

சில ஆண்டுகளுக்கு முன் செங்கல்பட்டுப் பக்கத்து மாணவர்கள் சிலரோடு சேர்ந்து 'ஏரி மணி' என்று ஒரு சிறு கருவி செய்தோம். ஏரித் தண்ணீர் கலங்கல் மட்டத்தை நெருங்கினால் அது சத்தம் போட வேண்டும், அவ்வளவுதான். ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த ஊர் இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் யாராவது ஒருவர் நடு இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு கரைமேல் போய்ப் பார்த்துவிட்டு வருவது இன்றும் நடக்கிறது. சர்க்யூட்டை வரைந்தோம். பிரெட்போர்டில் ஓட்டிப் பார்த்தோம், ஒழுங்காக ஓடியது. போர்டு வரைந்து 10 பிரதி செய்யக் கொடுத்தோம். வந்த போர்டில் பாகங்களைப் பற்றவைத்து பேட்டரியை மாட்டினால் பஸ்ஸர் அலறவில்லை, முனகியது. இரண்டு நாள் மல்டிமீட்டரும் கையுமாக உட்கார்ந்தோம். கடைசியில் ஒரு மாணவி டிரான்சிஸ்டரைக் கழற்றித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அறை அதிர ஒலித்தது. 10 போர்டிலும் அதே பிழை.

சுற்றின் வரைபடமான ஸ்கீமாட்டிக்கைப் பார்த்தால் சரி. போர்டின் கோடுகளைத் தனியாகப் பார்த்தாலும் சரி. வரைபடத்தில் நாங்கள் எடுத்த குறியீட்டின் கால் எண்கள் 2என்3904-க்கு உரியவை. கையில் இருந்த பாகமோ பிசி547. வரைபடமும் போர்டும் சந்திக்கும் மூட்டில் பிழை உட்கார்ந்திருந்தது. மின்சுற்று வரையும் கட்டற்ற மென்பொருள்களில் எது நல்லது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். அந்த மூட்டை மென்பொருள் எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அந்த மூட்டைப் புரிந்துகொள்ள ஒரு மின்ரயில் ஏறுவோம். பெட்டிகள் சிலவற்றில் கதவுக்கு மேல் ஒரு நீளப் பட்டை ஒட்டியிருப்பார்கள். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் எனத் தொடங்கி சிங்கப்பெருமாள் கோயில், பரனூர், செங்கல்பட்டு வரை ஒரே கோட்டில் வட்டங்கள் கோத்தாற்போல் இருக்கும். எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர் என்பதை அது பிழையில்லாமல் சொல்லும். எவ்வளவு தூரம், பாதை எங்கே வளைகிறது என்று சொல்லாது. பரனூர் தாண்டியதும் ஜன்னல் முழுக்க விரியும் கொளவாய் ஏரி அந்தப் பட்டையில் இல்லை.

ஸ்கீமாட்டிக் என்பது அந்தப் பட்டை. எது எதோடு சேர வேண்டும் என்ற உறவு மட்டுமே அதில் உண்டு. போர்டின் லேஅவுட் என்பது நிலம். அங்கே ஏரி உண்டு, குறுக்கே சாலை உண்டு, ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தொடாமல் போக வழி கண்டுபிடித்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டியல் ஓடுகிறது. அதை நெட்லிஸ்ட் என்பார்கள். ஆர்2-இன் 1-ஆம் கால் க்யூ1-இன் 2-ஆம் காலோடு. க்யூ1-இன் 1-ஆம் கால் பஸ்ஸரின் எதிர்முனையோடு. ஓர் ஊர்க் கல்யாணத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு பெரியவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவதைப் போல, படமே இல்லாத வெறும் உறவுப் பட்டியல் அது.

கவனித்தீர்களா, பட்டியலில் "பேஸ்" என்ற சொல்லே இல்லை. "2-ஆம் கால்" என்றுதான் இருக்கிறது. எந்தக் கால் 2 என்பதைச் சொல்வது யார்? வரைபடத்தில் இருக்கும் குறியீடு ஓர் எண்ணைச் சொல்கிறது. போர்டில் அந்தப் பாகம் உட்காரும் இடத்துக்கு ஃபுட்பிரிண்ட் என்று பெயர். கால்கள் நுழையும் துளைகள், அவற்றைச் சுற்றிய செம்பு வட்டங்கள், எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் அதில் இருக்கும். அதுவும் ஓர் எண்ணைச் சொல்கிறது. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் மென்பொருள் இணைத்துவிடும். அது கடையில் வாங்கிய டிரான்சிஸ்டரின் கால்தானா என்று அதற்குத் தெரியாது.

செம்புக்கு வருவோம். ஆஸ்திரியாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்ற பொறியாளர் லண்டனில் 1936-இல் அச்சிட்ட சுற்று கொண்ட ஒரு வானொலியைச் செய்துகாட்டினார். அதற்கு முன் ஒவ்வோர் இணைப்பும் ஒரு கம்பி. ஒவ்வொரு கம்பியும் ஓர் ஆளின் கைவேலை. ஐஸ்லரின் வழி நேர் எதிரானது. தகடு முழுக்கச் செம்பை ஒட்டிவிட்டு, வேண்டாத செம்பை எடுத்துவிடு, மிஞ்சுவதே கம்பி.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம், ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போய்ச் செம்பு பூசிய தகடு ஒன்றும், ஃபெரிக் குளோரைடு ஒரு பொட்டலமும் வாங்கி வாருங்கள். சுற்றின் படத்தை வழுவழுப்பான தாளில் லேசர் பிரிண்டரில் எடுத்து, தகட்டின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப்பெட்டியால் அழுத்தித் தேய்த்தால் மை செம்புக்கு மாறிவிடும். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டுத் தகட்டைப் பிளாஸ்டிக் தட்டில் ஊற்றிய கரைசலில் போடுங்கள். கையுறை கட்டாயம், கறை துணியிலிருந்து போகவே போகாது. பழுப்புக் கரைசலை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால் மை இல்லாத இடத்தில் செம்பு முதலில் நிறம் மங்கும், பிறகு ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே வரும். மைக்குக் கீழே இருப்பது மட்டும் நிற்கும். அந்தத் தாளில் இருந்த கோடு கண்ணெதிரே உலோகமாகிறது. இதைப் பார்த்த மாணவர் பிறகு கணினியில் கோடு இழுக்கும்போது அதைக் கோடாகப் பார்ப்பதில்லை.

வேண்டாததை எடுத்துவிடும் இந்த வழி மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்குப் புதிதல்ல. வலையன்குட்டை ரதத்தையும் பிடாரி ரதங்களையும் போய்ப் பாருங்கள். மேல்பகுதி முடிந்திருக்கும், கீழ்ப்பகுதி கரடுமுரடான பாறையாகவே நிற்கும். மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது. முடியாத குடைவரைகளில் பாறையைக் கட்டம் கட்டமாகப் பள்ளம் போட்டுப் பிரித்து, நடுவில் நிற்கும் துண்டுகளை உடைத்தெடுத்த தடம் அப்படியே இருக்கிறது. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாத வேலை அது. ஆகவே உளி விழும் முன்பே அளவு முடிவாகியிருக்க வேண்டும். இன்றும் அந்த ஊர்ப் பட்டறைகளிலும், 1957-இல் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரியிலும் தாளம், அங்குலம் என்ற உறவுக் கணக்கிலிருந்துதான் உருவம் பிறக்கிறது. 12 அங்குலம் ஒரு தாளம்; அந்த அங்குலம் நம் அளவுகோலின் அங்குலம் அல்ல, செய்யப்போகும் உருவத்தின் உயரத்தைப் பகுத்து வருவது. உறவு முதலில், கல்லின் அளவு பிறகு. ஸ்கீமாட்டிக்கும் லேஅவுட்டும் பிரிந்து நிற்கும் அதே இடம் இது.

அளவுகளையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். வழக்கமான போர்டு 1.6 மில்லிமீட்டர் தடிமன். கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்த எஃப்ஆர்4 தகடு. அதன்மேல் செம்பு 35 மைக்ரான் மட்டுமே, நம் தலைமுடியை விட மெல்லியது. இந்த மெல்லிய செம்பில் ஓர் ஆம்பியர் ஓட வேண்டும், சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்றால் கோட்டின் அகலம் சுமார் 0.3 மில்லிமீட்டராவது வேண்டும். மோட்டாருக்கோ ரிலேவுக்கோ போகும் கோடு இன்னும் அகலமாக வேண்டும். எந்த இணைப்புக்கு எவ்வளவு அகலம், கோட்டுக்கும் கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் மென்பொருள் அதை மீறவிடாது. இதற்கு டிசைன் ரூல் என்று பெயர்.

கடற்கரையில் இந்த இடைவெளிக்கு இன்னொரு பொருள் உண்டு. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை காற்றில் உப்பு இருக்கிறது. போர்டின்மேல் உப்புத்தூசி படிந்து, இரவு ஈரம் சேர்ந்தால் அது மின்சாரம் கடத்தும் மெல்லிய நீர்ப்படலமாகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகள், ஒன்றில் 12 வோல்ட், மற்றதில் பூஜ்யம் என்றால், நேர்முனைக் கோட்டின் செம்பு அயனியாகக் கரைந்து நகர்ந்து எதிர்முனையில் படியத் தொடங்கும். படிவது பெரணி இலை போலக் கிளைகிளையாக வளரும். ஒருநாள் அந்தக் கிளை எதிர்க் கரையைத் தொடும், கருவி செத்துவிடும். பற்றவைத்தபின் ஃப்ளக்ஸ் கறையைத் துடைக்காமல் விட்டால் இது இன்னும் விரைவில் நடக்கும். மறைமலைநகர் தொழிற்கூடத்துக்குள் ஆண்டுக்கணக்கில் ஓடும் போர்டு, தேவனேரிக் குப்பத்துப் படகில் சீக்கிரமே நின்றுபோகலாம். அதனால் கடற்கரைக்கு வரையும்போது தொழிற்சாலை அனுமதிக்கும் குறைந்தபட்ச இடைவெளியை எடுத்துக்கொள்ளாதீர்கள். இடம் இருந்தால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விடுங்கள். பச்சைப் பூச்சான சோல்டர் மாஸ்க்கை எங்கும் விடாமல் மூடுங்கள். பாகங்கள் பொருத்தி முடித்ததும் மேலே காப்புப் பூச்சு ஒன்று அடியுங்கள்.

இனி மென்பொருள்.

கட்டற்ற மென்பொருள் உலகில் இந்த வேலைக்கு இரண்டு பழைய குடும்பங்கள் உண்டு. ஒன்று ஜிஇடிஏ. 1998-இல் ஆலெஸ் ஹ்வெஸ்டா தொடங்கியது. வரைபடத்துக்கு ஒரு நிரல், பட்டியல் எடுக்க ஒரு நிரல், போர்டுக்கு 'பிசிபி' என்ற இன்னொரு நிரல், முடிந்ததைப் பார்க்க 'கெர்ப்வி' என்ற வேறொரு நிரல் என்று சிறு சிறு கருவிகளை ஒன்றோடொன்று கோத்து வேலை வாங்கும் முறை. அந்த 'பிசிபி' நிரல் 1990-இல் தாமஸ் நாவ் என்பவர் அட்டாரி கணினிக்காக எழுதியது. இப்போது 'பிசிபி-ஆர்என்டி' என்ற கிளையாக வளர்கிறது. எல்லாக் கோப்பும் வாசிக்கக்கூடிய எழுத்து. 200 போர்டுகளில் ஒரே மாற்றத்தை ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதிச் செய்துவிடலாம். கட்டளை வரியில் கை பழகியவர்களுக்கு இது சொர்க்கம். ஆனால் எந்தக் குறியீட்டுக்கு எந்த ஃபுட்பிரிண்ட் என்பதை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். கால் எண்ணையும் நாமே பொறுப்பேற்றுச் சரிபார்க்க வேண்டும். புதியவர் ஒருவரிடம் இதைக் கொடுப்பது, நீச்சல் தெரியாதவரைச் சதுரங்கப்பட்டினம் கடலில் இறக்குவதற்குச் சமம் என்று நினைக்கிறேன்.

மற்றது கீகேட். பிரான்சின் கிரெனோபிளில் ஆசிரியராக இருந்த ழான்-பியர் ஷராஸ் 1992-இல் எழுதத் தொடங்கியது. இருபது ஆண்டுகள் அது ஒரு நல்ல ஆசிரியரின் நல்ல கருவியாகவே இருந்தது. அதைத் தூக்கி நிறுத்தியது ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம். செர்னில் ஹவியர் செரானோவும் உடனிருந்தவர்களும் 2009-இல் வன்பொருள் வரைபடங்களை உலகுக்குத் திறந்துவைக்கும் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2011-இல் அதற்கென ஓர் உரிமமும் எழுதினார்கள். அப்போது ஓர் இடையூறு புரிந்தது. வரைபடம் இலவசம், அதைத் திறந்து பார்க்கும் மென்பொருளுக்கோ பெரும் விலை. பூட்டிய பெட்டியைத் தானம் செய்துவிட்டுச் சாவியைக் கடையில் வாங்கிக்கொள் என்பதுபோல் ஆகிவிட்டது. ஆகவே கீகேட்டுக்கு நிரலாளர்களைக் கொடுத்தார்கள். கோடு இழுக்கும்போது குறுக்கே நிற்கும் கோடுகளைத் தானே தள்ளி வழிவிடச் செய்யும் வசதி அங்கிருந்து வந்ததுதான். 2018-இல் வந்த 5-ஆம் பதிப்பில், நெட்லிஸ்ட் கோப்பை எழுதி மறுபடி படிக்க வைக்கும் சுற்றுவழி தேவையில்லாமல் போயிற்று; வரைபடத்தில் செய்த மாற்றத்தை ஒரே சொடுக்கில் போர்டுக்கு அனுப்பலாம். 2019-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அதைத் தன் குடைக்குள் சேர்த்துக்கொண்டது. 2025-இல் 9-ஆம் பதிப்பு வந்தது.

இந்தியாவிலும் ஒரு முயற்சி உண்டு, நம் கல்லூரிகள் இன்னும் போதிய அளவு கவனிக்காத முயற்சி. ஐஐடி பம்பாயில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய ஃபாசி திட்டத்தில், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் நிதியோடு, முதலில் ஆஸ்காட், பிறகு ஃப்ரீஇடிஏ, இப்போது ஈசிம் என்ற பெயரில் ஒரு தொகுப்பு வளர்ந்தது. கீகேட்டையும், சுற்று எப்படி நடக்கும் என்று கணக்கிட்டுக் காட்டும் என்ஜிஸ்பைஸையும் ஒன்றாகப் பிணைத்திருக்கிறார்கள். சர்க்யூட்டை வரைந்ததும் வோல்ட்டேஜ் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு, அதே இடத்திலிருந்து போர்டுக்கும் போகலாம். மின்னணுவியல் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. அதே ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம் கட்டற்ற மென்பொருள் பாடங்களைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல்வழி தருகிறது.

பிறகு வந்தவை இரண்டு: லிப்ரேபிசிபி, ஹொரைசன். அந்த முனகிய பஸ்ஸரை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், என் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது இவை நூலகத்தை அமைத்திருக்கும் விதம். கீகேட்டில் பொதுவான என்பிஎன் குறியீட்டை எடுத்தால், கால் வரிசை சிபிஇ-யா இபிசி-யா என்று நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். லிப்ரேபிசிபியில் குறியீடு தனி, உடல் தனி, இரண்டையும் சேர்த்து "இந்த உடலின் இந்தக் கால்தான் பேஸ்" என்று எழுதிவைக்கும் பதிவு தனி. ஒருமுறை பிசி547-க்கு அந்தப் பதிவைச் சரியாக எழுதிவிட்டால் அதற்குப் பிறகு அதை எடுக்கும் யாரும் தவற வாய்ப்பில்லை. ஹொரைசனும் இதே கொள்கை. மூட்டுக்கு என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அது பெரிய விஷயம். ஆனால் ஆயத்தமாகக் கிடைக்கும் பாகங்கள் கீகேட்டில்தான் அதிகம், சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆளும் அங்கேதான் அதிகம். இன்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டால் கீகேட் என்றே சொல்வேன். கூடவே, பொதுக் குறியீட்டைத் தொடாதே, பாகத்தின் பெயரைத் தேடி அதற்கான குறியீட்டையே எடு என்றும் சொல்வேன். ஃப்ரிட்சிங் என்று ஒன்று உண்டு. பிரெட்போர்டு இணைப்பைப் படமாகக் காட்ட அழகான கருவி, பள்ளி வகுப்புக்கு நல்லது. போர்டு செய்ய வேறொன்றுக்குப் போய்விடுங்கள்.

தானாகக் கோடு போட்டுத்தரும் ஆட்டோரவுட்டரைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். ஃப்ரீரவுட்டிங் என்ற நிரல் இருக்கிறது, கீகேட்டோடு சேர்ந்து வேலை செய்யும். அவசரத்துக்கு உதவும். ஆனால் எந்தக் கோடு சத்தமானது, எது மெல்லிய சென்சார் சமிக்ஞை, எது உப்புக்காற்றுக்குப் பயந்து விலகி நிற்க வேண்டியது என்று அதற்கு நாம் சொன்னால் ஒழியத் தெரியாது. முக்கியமான கோடுகளைக் கையால் போட்டுவிட்டு, மிச்சத்தை அதனிடம் விடலாம்.

இரண்டாவது மூட்டு ஒன்று இருக்கிறது. இன்றைய நமக்கும் பத்து ஆண்டு கழித்து வரப்போகும் நமக்கும் நடுவில் உள்ள மூட்டு. அது கோப்பு.

ஈகிள் என்ற மென்பொருளை நம் கல்லூரிகளில் ஒரு தலைமுறையே கற்றது. ஜெர்மனியில் கேட்சாஃப்ட் நிறுவனம் 1988-இல் கொண்டுவந்தது. இலவசப் பதிப்பும் இருந்தது. இரண்டு அடுக்கு, 80 சதுர சென்டிமீட்டர் வரை. கல்லூரிப் பிராஜெக்ட்டுக்குப் போதும். எவ்வளவோ பேருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்த நல்ல கருவி அது. 2016-இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. 2017-இல் சந்தா முறைக்கு மாறியது. 2023-இல், 2026 ஜூன் 7-ஆம் தேதியோடு ஈகிளை நிறுத்துவதாக அறிவித்தது. வேலையைத் தன் ஃப்யூஷன் தொகுப்புக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னது. ஒரு நிறுவனத்துக்கு அது உரிமைதான். ஆனால் 2014-இல் ஈகிளில் வரைந்த ஓர் ஏரி மணியில் ஒரு ரெசிஸ்டரை மாற்ற வேண்டியவர் என்ன செய்வார்?

தொழிற்சாலைக்குக் கொடுத்த கெர்பர் கோப்புகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். கெர்பர் ஒரு பொதுமொழி. உலகில் எந்த ஊர்த் தொழிற்சாலையும் அதைப் படிக்கும். சென்னை ஐஐடி, இஸ்ரோவோடு சேர்ந்து 2025-இல் வெளியிட்ட ஐரிஸ் சிப்பின் போர்டு குஜராத்தில் உருவாகி, சென்னையில் பாகங்கள் பொருத்தப்பட்டது. வரைபவர் ஓர் ஊர், செய்பவர் ஓர் ஊர், பொருத்துபவர் ஓர் ஊர் என்று தொழில் நடக்கப் பொதுமொழி வேண்டும். ஆனால் கெர்பரில் இருப்பது முக்கியமாகச் செம்பு, பூச்சு போன்ற அடுக்குகளின் உருவம். எது ரெசிஸ்டர், எது எதோடு சேர்கிறது என்ற உறவு வழக்கமான கெர்பரில் இல்லை. அதே போர்டை மறுபடி செய்யலாம். ஒரு பாகத்தை நகர்த்தித் திருத்த முடியாது. உறவு இருக்கும் இடம் மூலக் கோப்புதான்.

கீகேட்டின் மூலக் கோப்பை எந்த எழுத்துத் தொகுப்பியிலும் திறக்கலாம். அடைப்புக்குறிகளுக்குள் பாகத்தின் பெயர், அது இருக்கும் இடம், கால் எண், எந்த இணைப்பில் சேர்கிறது எல்லாம் வாசிக்கும்படி எழுதியிருக்கும். நாளை கீகேட் என்ற நிரலே இல்லாமல் போனாலும் அந்தக் கோப்பைப் படிக்க ஒருவர் நிரல் எழுதிவிட முடியும். ஏரி மணியின் இரண்டாம் வரைவை நாங்கள் கீகேட்டில்தான் செய்தோம். மாணவர்கள் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். கல்லூரிக் கணினியோடு முடிந்துபோகும் உரிமம் எதுவும் அதில் இல்லை என்பதால் கோப்பும் மென்பொருளும் அவர்களோடு போயின. அவர்களில் ஒருவர், வேலைக்குப் போன ஊரிலிருந்து, சூரிய மின்தகட்டில் ஓடும்படி அதைத் திருத்தி அனுப்பினார். கட்டணம் இல்லை என்பது ஒரு வசதி; கோப்பு நம் கையில் இருக்கிறது என்பதே என்னை இந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறது.

பயன்படுத்தும்போது சிக்கினால் தமிழிலேயே கேட்கலாம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு தொடர்ந்து கூடிப் பேசுகிறது; 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறது. செங்கல்பட்டு தனி மாவட்டமான 2019 வரை காஞ்சிபுரத்தோடு இருந்த பகுதிதான். அந்தக் குழு நமக்கு அயலூர் அல்ல.

எந்த மென்பொருளை எடுத்தாலும் ஒரு சோதனையை விடாதீர்கள். மென்பொருளில் இரண்டு சரிபார்ப்பு உண்டு. ஒன்று வரைபடத்தில் இணையாத கால் இருக்கிறதா என்று பார்க்கும். மற்றது போர்டில் கோடுகள் நெருங்கிவிட்டனவா, பட்டியலோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும். எங்கள் 10 போர்டும் இரண்டையும் தேறியவைதான். ஆகவே போர்டை ஒன்றுக்கு ஒன்று அளவில் தாளில் அச்சிடுங்கள். அச்சில் அளவு சுருங்கவில்லை என்று ஸ்கேல் வைத்து அளந்து உறுதிசெய்யுங்கள். தாளுக்குக் கீழே தெர்மக்கோல் வைத்து, வாங்கிய பாகங்களை ஒவ்வொன்றாகத் துளை குறியில் குத்தி நிறுத்துங்கள். டேட்டாஷீட்டைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் "பேஸ் எங்கே" என்று கேட்க, மற்றவர் விரல் வைத்துக் காட்டி, அந்தக் கோடு எங்கே போகிறது என்று சொல்ல வேண்டும். கனெக்டர் பெட்டியின் சுவரில் இடிக்கிறது, கெப்பாசிட்டர் எதிர்பார்த்ததைவிடக் குண்டு என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். இரண்டு பேர், அரை மணி நேரம், ஒரு தாள். அன்று இதைச் செய்திருந்தால் அந்த 10 போர்டும் பிழைத்திருக்கும்.

ஈகிளில் வரைந்த பழைய வேலை யாரிடமாவது இருந்தால் ஒரு வேண்டுகோள். அதன் 6-ஆம் பதிப்பிலிருந்து கோப்புகள் வாசிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் வடிவில் இருக்கின்றன. கீகேட் அவற்றை நேரடியாக இறக்கிக்கொள்ளும். அதற்கு முந்தைய பதிப்புகளின் கோப்புகள் அப்படியல்ல; 6 அல்லது அதற்குப் பிந்தைய ஈகிள் ஒன்றில் திறந்து மறுபடி சேமித்துக்கொள்வதே எளிய வழி. ஈகிள் ஓடும் கணினி ஒன்று உங்கள் வீட்டிலோ கல்லூரி ஆய்வகத்திலோ இருந்தால் இந்த வாரமே அதைச் செய்து, கீகேட்டில் இறக்கி, டிரான்சிஸ்டர் கால்களை முதலில் சரிபாருங்கள்.